இருபது வருஷமாக நிறையாத செப்டிக் டேங்க்

கோத்தகிரிப் பக்கம் ஒரு சிறிய பேரூராட்சியில் வார்டு உறுப்பினராக இருக்கும் தம்பி ஒருவர் கேட்டது: "எங்கள் ஊரில் சுமார் 9,000 பேர் இருக்கிறோம். ஊருக்குக் கீழே போகும் ஓடை நாறுகிறது. ஊட்டி மாதிரி பாதாளச் சாக்கடையும் சுத்திகரிப்பு நிலையமும் வேண்டும் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். எங்கள் ஹட்டிக்கு (படுகர் குடியிருப்புக்கு) பக்கத்தில் நிலையம் வரவே கூடாது என்று இன்னொரு சாரார். இந்தக் குளிரில் அதெல்லாம் வேலை செய்யாது என்கிறார்கள் சிலர். எது சரி? எங்கிருந்து தொடங்குவது?"

தம்பி, நிலையத்தைப் பற்றி அப்புறம் பேசுவோம். உங்கள் வீட்டு செப்டிக் டேங்கில் சேர்ந்த கசடைக் கடைசியாக எப்போது எடுத்தீர்கள்? பக்கத்து வீட்டில்? உங்கள் வார்டில் பத்து வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டுப் பாருங்கள். பல வீடுகளில் ஒரே பதில்தான் வரும்: "எங்க டேங்க் கட்டி இருபது வருஷம் ஆச்சுங்க, இன்னும் நிறையவே இல்லை." பெருமையாகத்தான் சொல்வார்கள். முப்பது வருஷம் குடிநீர், கழிவுநீர் வேலையில் இருந்தவன் நான். மலை ஊர்களில் நான் கேட்ட பேச்சுகளிலேயே என்னை அதிகம் கவலைப்பட வைத்தது இந்தப் பேச்சுதான்.

குன்னூர் பக்கம் என் அம்மா வீட்டிலும் இதே கதை. டேங்க் கட்டிய கொத்தனார் அடியில் கான்கிரீட் போடாமல் மண்ணாகவே விட்டுவிட்டார். செலவும் மிச்சம், டேங்கும் நிறையாது என்று சொன்னாராம். அப்பாவுக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டிருக்கிறது. வீட்டுக்குக் கீழே நாலைந்து வரிசை தேயிலை, அதற்கும் கீழே ஓர் ஊற்று. கீழ் வீட்டுக்காரர்கள் அதில்தான் குடிக்கத் தண்ணீர் பிடித்தார்கள். நான் வேலையில் சேர்ந்து சில வருஷம் கழித்து அந்தத் தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பினேன். மலத்திலிருந்து வரும் கோலிஃபார்ம் கிருமி இருந்தது. அம்மாவிடம் சொன்னால் நம்பவில்லை. "தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கேப்பா" என்றார். கண்ணாடி மாதிரிதான் இருந்தது. மண் வடிகட்டியது அழுக்கை. கிருமி வந்து சேர்ந்துவிட்டது. பழைய டேங்கை மூடிவிட்டுப் புதிதாகக் கட்டினோம். அந்த ஊற்றில் தண்ணீர் பிடித்த வீட்டுப் பிள்ளைகளுக்கு வந்த வயிற்றுப்போக்கை எல்லாம் இப்போது நினைத்தாலும் எனக்கு மனசு ஆறாது.

செப்டிக் டேங்க் எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வரும். ஒழுங்காகக் கட்டிய டேங்க் எப்போதுமே நிறைந்துதான் இருக்கும். உபயோகிக்கத் தொடங்கிய சில நாட்களிலேயே தண்ணீர் வெளிக்குழாய் மட்டத்துக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு உள்ளே எவ்வளவு விழுகிறதோ அவ்வளவு மறுபக்கம் வெளியேறும். கனமானது அடியில் தங்கிக் கசடாகிறது, எண்ணெயும் நுரையும் மேலே ஏடாகப் படிகிறது, நடுவில் உள்ள தெளிந்த நீர் மட்டும் போகிறது. அடிக்கசடு மெல்ல மெல்ல உயர்ந்து டேங்கின் பாதியைத் தொடும்போது தெளிவதற்கு இடம் இருக்காது. அதனால்தான் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை கசடை எடுக்க வேண்டும். எடுக்காமலே ஓடுகிறது என்றால் இரண்டில் ஒன்று: அடி ஒழுகுகிறது, அல்லது கசடே ஓடைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. கடையில் விற்கும் பாக்டீரியா பவுடரைப் போட்டால் எடுக்கவே வேண்டாம் என்பதையும் நம்பாதீர்கள். வேண்டிய பாக்டீரியா நம் மலத்திலேயே தாராளமாக இருக்கிறது.

நல்ல டேங்குக்கு அடிக்கும் பக்கத்துக்கும் பூச்சு உண்டு. உள்ளே மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் ஒரு நடுச்சுவர், நுழைவிலும் வெளியேற்றத்திலும் டி வடிவக் குழாய், ஒரு காற்றுக்குழாய், திறக்கக்கூடிய மூடி. அவ்வளவுதான். நம் ஊர்களில் மூடி மேலேயே டைல்ஸ் ஒட்டி முற்றமாக்கிவிடுகிறார்கள். எடுக்கும் நாளில் கடப்பாரை வேண்டியிருக்கிறது. பல இடங்களில் டேங்கே கிடையாது, உறை இறக்கிய ஒரு குழி, அதற்குப் பெயர் செப்டிக் டேங்க்.

இதே தப்பு சமவெளியில் நடந்தால் ஓரளவு தாங்கும், மலையில் தாங்காது. குடிநீர்க் கிணற்றிலிருந்து உறிஞ்சுகுழி, அதாவது கழிவுநீரை மண்ணுக்குள் இறக்கும் குழி, குறைந்தது 18 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். நீலகிரியின் அடிப்பாறை சார்னோகைட் என்ற கடினமான பாறை, அதற்கு மேலே சிதைந்து பொலபொலவென்றான மண். தண்ணீர் அந்த மண்ணில் இறங்கி, பாறையைத் தொட்டதும் அதன் மேலேயே சரிந்து ஓடி, வெடிப்பு கிடைத்த இடத்தில் ஊற்றாக வெளியே வருகிறது. குழி மேலேயும் ஊற்று கீழேயும் இருந்தால் 18 மீட்டரோ 50 மீட்டரோ பாதுகாப்பு என்று சொல்ல முடியாது. மேல் வீட்டுக் கழிவு கீழ் வீட்டுக் குடிநீர் என்பது மலையில் உவமை கிடையாது, நிலத்தின் அமைப்பே அப்படி.

இன்னொன்றும் இருக்கிறது. 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி, கோத்தகிரிப் பக்கமெல்லாம் மண் சரிந்து பல உயிர்கள் போனது உங்களுக்கு நினைவிருக்கும். அது பேய்மழை, அந்தப் பழியை செப்டிக் டேங்க் மேல் போட மாட்டேன். ஆனால் செங்குத்தான ஒரு சரிவில் 40 வீடுகள் இருந்து, குளித்தது துவைத்தது எல்லாம் குழியில் விட்டால், தினமும் 9,000 லிட்டர் தண்ணீர் அந்தச் சரிவுக்குள் இறங்குகிறது. வெயில் காலத்திலும் இறங்குகிறது. மழை வரும்போது அந்த மண் ஏற்கெனவே ஊறிப்போயிருக்கும். சரிவு அதிகமான இடத்தில் உறிஞ்சுகுழியே கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

சரி, கணக்குக்கு வருவோம். 9,000 பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 70 லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொண்டால், அதில் 80 சதவீதம் கழிவுநீராக வெளியே வரும். சுமார் 5 லட்சம் லிட்டர். இப்போது கசடைப் பாருங்கள். வீட்டுக்கு நாலு பேர் என்றால் 2,250 டேங்க். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஒரு டேங்கில் 3,000 லிட்டர் எடுத்தால், வருஷத்துக்கு 750 டேங்க், 22.5 லட்சம் லிட்டர். 300 வேலை நாளில் பிரித்தால் நாளொன்றுக்கு 7,500 லிட்டர், அதாவது கழிவுநீர் லாரியில் இரண்டு லோடு. ஐந்து லட்சம் லிட்டரைக் கையாள்வது பெரிய வேலை. இரண்டு லோடைக் கையாள்வது ஒரு பேரூராட்சி தன் பலத்தில் செய்யக்கூடிய வேலை. கசடு சாதாரண சாக்கடை நீரைவிடப் பத்து மடங்குக்கும் மேல் வீரியமுள்ளது, கிருமியும் புழு முட்டையும் அதில்தான் அதிகம். ஆகவே அங்கிருந்து தொடங்குங்கள் என்பதுதான் என் பதில். ஓடைக்குப் போகும் தண்ணீரை அப்படியே விட்டுவிடலாம் என்று அர்த்தமில்லை, அதற்கும் வருகிறேன்.

டேங்கை எடுப்பது என்று சொல்வது எளிது. மலையில் அதுவே ஒரு பாடு. நம் வீடுகள் சாலையிலிருந்து படி இறங்கிப் போகும் வீடுகள். லாரி சாலையில் நிற்கும், டேங்க் எட்டு மீட்டர் கீழே இருக்கும். லாரியின் பம்ப் காற்றை உறிஞ்சித்தான் கசடை மேலே இழுக்கிறது. உண்மையில் மேலே தள்ளுவது வெளிக்காற்றின் அழுத்தம். கடல் மட்டத்தில் அந்த அழுத்தத்தால் தண்ணீரை அதிகபட்சம் பத்து மீட்டர் உயரம்தான் ஏற்ற முடியும், நடைமுறையில் ஆறு ஏழு மீட்டர். 2,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் சுமார் 20 சதவீதம் குறைவு. தண்ணீருக்கே எட்டு மீட்டர்தான் கணக்கில் வரும், கெட்டியான கசடுக்கு ஐந்து மீட்டர் கிடைத்தாலே நல்லது. மேட்டுப்பாளையத்தில் நன்றாக இழுத்த லாரி இங்கே வந்து "இழுக்கலை சார்" என்று நின்றால் டிரைவர் மேல் குறை இல்லை.

இழுக்காதபோது என்ன நடக்கிறது? இரண்டு பேரைக் கூப்பிட்டு, பக்கெட்டும் கயிறும் கொடுத்து இறங்கச் சொல்கிறார்கள். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், அன்றே நிறுத்தவும் வைத்தேன். கசடைக் கிளறும்போது வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு அளவு கூடினால் மூக்கை மரத்துப்போக வைத்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று நினைக்கும் அந்த நொடியில்தான் ஆள் விழுகிறார், காப்பாற்ற இறங்கியவரும் விழுகிறார். 2013-ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பில்லாமல் மனிதரை இறக்குவதைக் குற்றமாக்கியிருக்கிறது. இறந்தால் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் சொன்னது, 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. நஷ்ட ஈடு ஒருபுறம் இருக்கட்டும். உங்கள் வார்டில் எந்த டேங்கிலும் எந்த மனிதரும் இறங்கக் கூடாது என்று மன்றக் கூட்டத்தில் முதல் தீர்மானமாகவே போடுங்கள்.

வழி இருக்கிறது. கசடைக் கீழிருந்து மேலே தள்ளும் சிறிய பம்ப் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய் டேங்க் பக்கத்தில் வைத்து, அங்கிருந்து சாலையில் நிற்கும் லாரிக்கு ஏற்றலாம். உறிஞ்சுவதற்கு எல்லை உண்டு. தள்ளுவதற்கு மோட்டார் பலம் போதும். கெட்டியாக இருந்தால் கொஞ்சம் தண்ணீர் விட்டு, மேலே நின்றபடியே நீளக் கம்பால் கலக்கிக்கொள்ளலாம். லாரியும் சிறியதாக இருக்கட்டும், நம் சாலைகளில் பெரிய லாரி திரும்பாது. பேரூராட்சியே ஒன்று வாங்கி, வீட்டு வரியோடு மாதம் ஒரு சிறு தொகை வசூலித்து, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வரிசைப்படி எல்லா வீட்டுக்கும் எடுத்துவிடுவது நல்லது. நாற்றம் வந்தபிறகு கூப்பிடுகிற முறையில் ஏழை வீடுகள் கூப்பிடவே மாட்டார்கள். தனியார் லாரி வந்தால் உள்ளாட்சி உரிமம் பெற்றதா என்று பாருங்கள், லோடை எங்கே கொட்டினார்கள் என்று சீட்டு வாங்குங்கள். அந்தச் சீட்டு இல்லாவிட்டால் ராத்திரியில் ஏதாவது சோலை ஓரத்திலோ பாலத்தடியிலோ திறந்துவிடுவார்கள். காய்கறித் தோட்டத்துக்கு உரமென்று கொட்டச் சொல்பவர்களும் உண்டு. கேரட்டைப் பச்சையாகக் கடிக்கிறோம் தம்பி. உருண்டைப்புழு முட்டை மண்ணில் வருஷக்கணக்கில் உயிரோடு கிடக்கும். இது கூடவே கூடாது.

எடுத்த கசடுக்கு ஒரு நிலையம் வேண்டும். பெங்களூரு பக்கம் தேவனஹள்ளியில் 2015-லும், நம் மாநிலத்தில் கருங்குழியில் 2017-லும் இப்படிக் கசடு கழிவுக்கென்றே சிறிய நிலையங்கள் வந்தன. அடிப்படை ரொம்ப எளியது: மணலும் ஜல்லியும் அடுக்கிய படுக்கையில் கசடைக் கால் மீட்டர் உயரத்துக்கு ஊற்றுகிறார்கள், தண்ணீர் அடியில் வடிகிறது, மேலே உள்ளது காய்ந்து அப்பளமாகிறது, மண்வெட்டியால் அள்ளிவிடுகிறார்கள். ஆனால் அந்த ஊர்களில் வெயில் அடிக்கிறது. நமக்கு அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழை, மற்ற நாட்களிலும் பாதி நேரம் மஞ்சு. அங்கே போட்ட அளவை அப்படியே இங்கே போட்டால் தீபாவளிக்குள் படுக்கை குளமாகிவிடும்.

உங்கள் 7,500 லிட்டரைக் கால் மீட்டர் உயரத்துக்கு ஊற்ற நாளொன்றுக்கு 30 சதுர மீட்டர் படுக்கை வேண்டும். சமவெளியில் இருபது நாளில் காயும் என்றால் 600 சதுர மீட்டர் போதும். இங்கே அதை இரண்டு மடங்காக வையுங்கள், 1,200 சதுர மீட்டர், சுமார் 30 சென்ட். மேலே கூரை கட்டாயம். அதற்குப் பெரிய ஆராய்ச்சி எதுவும் வேண்டாம்; கொய்மலர் வளர்க்கப் போடுகிறோமே பசுமைக்குடில், அதேபோல ஒளி புகும் ஷீட் போட்டுப் பக்கங்களைக் காற்றாடத் திறந்து விட்டால் போதும். காய்ந்ததை அப்படியே வயலுக்குக் கொடுத்துவிடக் கூடாது. மார்க்கெட் காய்கறிக் கழிவும் சருகும் மூன்று பங்கு சேர்த்துக் குவித்தால் குவியலுக்குள் சூடு 55 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டில் பல நாட்கள் இருந்து, புரட்டிப் போட்டு, வெளிப்பக்கம் இருந்ததும் உள்ளே போய் வெந்தால்தான் புழு முட்டை சாகும். குளிர் காலத்தில் சிறிய குவியல் சூடாகாது, பெரிதாகப் போட வேண்டும். தெர்மாமீட்டர் செருகிப் பார்த்து நோட்டில் எழுத ஒருவர் இருக்க வேண்டும். அப்புறம் அந்த உரத்தைத் தேயிலைக்கும் மரக்கன்றுக்கும் கொடுக்கலாம். கேரட், முள்ளங்கி, கீரைக்கு நான் கொடுக்க மாட்டேன்.

இனி பாதாளச் சாக்கடை. அது வேண்டும் என்பவர்களின் ஆதங்கம் நியாயமானது. ஆனால் ஊட்டியைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். அங்கே பாதாளச் சாக்கடை உண்டு, காந்தலில் சுத்திகரிப்பு நிலையமும் உண்டு. இருந்தும் கோடப்பமந்து கால்வாய் ஏரிக்குச் சாக்கடையைக் கொண்டுவந்துகொண்டேதான் இருந்தது. 1820-களில் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் வெட்டிய அந்த ஏரியில் ஆகாயத்தாமரை படர்வதற்குக் காரணம் கழிவுநீரோடு வரும் நைட்ரஜனும் பாஸ்பரஸும்தான். ஊர் பரவும் வேகத்துக்குக் குழாய் பரவுவதில்லை. குழாய் போன தெருவிலும் சாலை மட்டத்துக்குக் கீழே உள்ள வீடுகள் இணைப்பு வாங்க முடியாது, தண்ணீர் மேலே ஏறாதே.

உங்கள் ஊர் எத்தனை பள்ளத்தாக்குகளில் பரவியிருக்கிறது? மூன்றா, நாலா? ஒரே நிலையம் என்றால் இரண்டு பள்ளத்தாக்கின் நீரை மேடு தாண்டி ஏற்ற வேண்டும், அங்கே நீரேற்று நிலையம், மோட்டார், ஜெனரேட்டர். பருவமழையில் மரம் விழுந்து கரண்ட் போகும் நாளில் எல்லாம் ஓடையில்தான். செங்குத்தாகப் போகும் குழாயில் நீர் நொடிக்கு மூன்று மீட்டரைத் தாண்டி ஓடினால் மணலும் கல்லும் குழாயை அரித்துவிடும், அங்கங்கே படி விழும் ஆள்நுழை குழி கட்ட வேண்டும். ஒரு சின்ன மண்சரிவு போதும், குழாய் உடைந்து ஊர் கழிவு முழுக்க ஒரே இடத்தில் கொட்டும். இதையெல்லாம் சமாளிக்கும் பணமும் ஆளும் ஒரு மாநகராட்சிக்கு இருக்கலாம். 9,000 பேர் உள்ள பேரூராட்சிக்குக் கட்டப் பணம் கிடைத்தாலும் நடத்தப் பணம் கிடைக்காது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படிச் செய்வேன். வீட்டு டேங்குகளைச் சரிசெய்த பிறகு, அவற்றிலிருந்து வரும் தெளிந்த நீரையும், குளியல் சமையல் நீரையும் மட்டும் சேர்த்து, சிறிய பிவிசி குழாயில் கீழே கொண்டுவருவேன். கசடு டேங்கிலேயே தங்கிவிடுவதால் நாலு அங்குலக் குழாய் போதும். ஆழமாகத் தோண்ட வேண்டாம், படிக்கட்டு ஓரமாகவே இறக்கலாம், உடைந்தால் உள்ளூர் பிளம்பரே மாற்றிவிடுவார். சமையலறைத் தண்ணீருக்கு மட்டும் ஒரு சின்ன எண்ணெய்த் தொட்டி வைக்கச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் குளிரில் எண்ணெய் உறைந்து குழாயை அடைத்துவிடும். இப்படி ஒவ்வொரு பள்ளத்தாக்கின் அடியிலும் முந்நூறு, நானூறு வீட்டுக்கு ஒரு சிறு நிலையம். அதில் மின்சாரம் வேண்டியதில்லை. நிலத்தடியில் தடுப்புச் சுவர்கள் வைத்த ஒரு நீளத் தொட்டி. நீர் ஒவ்வொரு சுவருக்கும் அடியில் புகுந்து மேலே வரும்போது அங்கே தங்கியிருக்கும் பாக்டீரியாப் படலம் அழுக்கைத் தின்றுவிடும். அதை அடுத்து ஜல்லி நிரப்பிய படுக்கை, அதில் நாணலும் கல்வாழையும். மலையின் சரிவே நீரைத் தள்ளிக்கொண்டு போகும்.

வீட்டு டேங்க் மட்டும் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. டேங்கிலிருந்து வரும் நீர் பார்வைக்குத் தெளிவாக இருந்தாலும் அழுக்கில் பாதிக்கு மேல் அதில்தான் இருக்கும். தண்ணீரில் உள்ள அழுக்கைத் தின்ன நுண்ணுயிர் எவ்வளவு ஆக்ஸிஜன் எடுக்கும் என்பதை பிஓடி என்று அளக்கிறோம். வீட்டுச் சாக்கடையில் லிட்டருக்கு 200 முதல் 300 மில்லிகிராம் வரை இருக்கும். 2017-ஆம் ஆண்டு மத்திய அரசு அறிவிக்கைப்படி நம் போன்ற ஊர்களில் வெளியே விடும்போது 30-க்கு மேல் இருக்கக் கூடாது, 100 மில்லி லிட்டரில் மலக் கோலிஃபார்ம் ஆயிரத்தைத் தாண்டக் கூடாது. தொட்டியும் செடிப் படுக்கையும் சேர்ந்தால் அந்த 30-ஐத் தொடலாம். கிருமிக் கணக்கைத் தொட, கடைசியில் ஆழமில்லாத குட்டையோ குளோரினோ வேண்டியிருக்கும்.

குளிருக்கு வருவோம். "இங்கே வேலை செய்யாது" என்பதில் பாதி உண்மை உண்டு. காற்றில்லாத் தொட்டியில் உள்ள பாக்டீரியா வெப்பம் பத்து டிகிரி குறைந்தால் ஏறத்தாழ பாதி வேகத்தில்தான் வேலை செய்யும். அதற்குப் பதில், நீரை இரண்டு மடங்கு நேரம் தங்க வைப்பது. சமவெளி வரைபடத்தை அப்படியே எடுத்து வந்து கட்டும் கான்ட்ராக்டர் இதைச் செய்ய மாட்டார், நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும். தொட்டியை மண்ணுக்குள் புதைத்து மேலே மண் போட்டு மூடினால் உறைபனி விழும் ஜனவரி இரவிலும் உள்ளே நீர் அவ்வளவு குளிராது. செடிப் படுக்கைக்குச் சமவெளியில் கொடுப்பதைவிட அதிகமாக, ஆளுக்கு ஒரு சதுர மீட்டராவது கொடுங்கள்; ஆயிரம் பேருக்கு 25 சென்ட்.

காற்றை ஊதும் இயந்திர நிலையம்தான் நவீனம் என்று யாராவது வந்து விற்றால், அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ப்ளோயர் அளவை இந்த உயரத்துக்குத் திருத்தியிருக்கிறீர்களா? நான் சொன்ன அந்த 20 சதவீதக் காற்றழுத்தக் குறைவு இங்கேயும் வரும். அழுத்தம் குறைந்தால் ஊதும் காற்றில் ஆக்ஸிஜனும் குறைவு, தண்ணீரில் கரைவதும் குறைவு. கேட்டலாக்கில் உள்ள எண் கடல் மட்டத்துக்கானது. இதைக் கவனிக்காமல் வைத்த இயந்திரம் நாள் முழுக்க ஓடியும் நீர் கறுப்பாகவே வருவதை ஒரு மலை ஊரில் பார்த்தேன். பிறகு அந்த ப்ளோயர் எரிந்துபோனது. மாற்றுவதற்கு ஏழு மாதம் ஆனது. அந்த ஏழு மாதமும் கழிவு நேராக ஓடைக்குப் போனது, பெயர்ப்பலகை மட்டும் பளபளவென்று இருந்தது.

லாட்ஜ், ரிசார்ட் விஷயத்தைத் தள்ளிவிடாதீர்கள். ஏப்ரல், மே சீசனில் உங்கள் ஊரின் கழிவு ஒரேயடியாக ஏறும், அதே மாதங்களில்தான் ஓடையில் தண்ணீர் குறைந்திருக்கும். பெரிய விடுதிகள் சொந்தமாகச் சுத்திகரிப்பு வைத்திருக்க வேண்டும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவும் பெற்றிருக்க வேண்டும். அது உண்மையில் ஓடுகிறதா என்று தெரிந்துகொள்ள ஓர் எளிய வழி: அந்த இயந்திரத்துக்குத் தனி மின் மீட்டர் வைக்கச் சொல்லி மாதாமாதம் யூனிட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். பார்வையிட வரும் நாளில் மட்டும் ஓடும் மோட்டாரின் பில் அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஹட்டிக்காரர்கள் எதிர்ப்பதைப் பிடிவாதம் என்று நினைக்காதீர்கள். ஊர் முழுக்கக் கழிவு தங்கள் தலைமாட்டில் வந்து விழுவதை யார்தான் ஏற்பார்கள்? பராமரிக்காத நிலையங்களின் நாற்றத்தை அவர்கள் எங்காவது அனுபவித்திருப்பார்கள். பள்ளத்தாக்குக்கு ஒன்று என்று பிரித்தால் அவரவர் கழிவு அவரவர் பக்கம், பேச்சு பாதி சுலபமாகும். அவர்களையும் அழைத்துக்கொண்டு போய், நன்றாக ஓடும் ஒரு நிலையத்தைக் காட்டுங்கள். இடம் பார்க்கும்போது சதுப்பு நிலத்தைத் தொடாதீர்கள்; வெறும் புறம்போக்கு என்று வரைபடத்தில் இருக்கும், ஆனால் கோடையில் உங்கள் ஓடைக்குத் தண்ணீர் கொடுப்பதே அதுதான். ஊற்றுக்கு மேலே கூடாது, மண் சரிந்த தடம் உள்ள இடத்தில் கூடாது. சுற்றிலும் பலமான வேலி போடுங்கள். செடிப் படுக்கையின் பச்சையைப் பார்த்துக் காட்டுமாடு வரும், திறந்த தொட்டியில் விழுந்தால் அதுவும் பாவம், தொட்டியும் போச்சு.

பணம்: தூய்மை இந்தியா இயக்கத்தின் இரண்டாம் கட்டம், 2021-ல் தொடங்கியது, ஒரு லட்சத்துக்குக் குறைவான மக்கள் உள்ள நகர்ப்புற உள்ளாட்சிகளின் கழிவுநீருக்கென்றே நிதி ஒதுக்குகிறது. மலைப்பகுதி மேம்பாட்டுத் திட்ட நிதியையும் கேட்டுப் பாருங்கள். செயல் அலுவலரிடம் எந்தத் தலைப்பில் என்ன மிச்சம் இருக்கிறது என்று எழுத்தில் வாங்குங்கள்.

கட்டுவதற்குக் கேட்கும்போதே நடத்துவதற்கும் கேளுங்கள். ஒவ்வொரு சிறு நிலையத்துக்கும் தினமும் ஒரு மணி நேரம் ஒருவர் வர வேண்டும்: குப்பைத் தடுப்பை வாரிப் போட, குழாய் அடைத்தால் எடுக்க, நாணலை வருஷம் ஒருமுறை வெட்ட. கசடு நிலையத்துக்கு இரண்டு பேர் முழு நேரம் வேண்டும். அவர்களுக்கு நிரந்தரச் சம்பளம், கையுறை, பூட்ஸ், தடுப்பூசி, குளித்துவிட்டு வீட்டுக்குப் போக வெந்நீர். இந்த வெந்நீரை நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கோத்தகிரிக் குளிரில் பச்சைத் தண்ணீரில் குளிக்க மனம் வராமல் அழுக்கோடு வீடு திரும்பும் பணியாளர்களை நான் அறிவேன். கசடைத் தொட்ட கையோடு போய்க் குழந்தையைத் தூக்கினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். திட்ட மதிப்பீட்டில் ஒரு கீசரும் அதற்கான கரண்ட் செலவும் இடம்பெறும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டீர்கள். மார்ச் மாதம், ஓடையில் தண்ணீர் குறைந்திருக்கும்போது, பள்ளி ஆசிரியர் ஒருவரையும் விவரமறிந்த இரண்டு இளைஞர்களையும் கூட்டிக்கொண்டு ஓடை தொடங்கும் இடத்திலிருந்து ஊர் எல்லைவரை நடந்து போங்கள். எத்தனை குழாய் ஓடையில் வந்து விழுகிறது, எந்த வீட்டிலிருந்து, என்ன நிறம் என்று எழுதுங்கள். ஊர் தொடங்குமுன் ஓர் இடத்தில், ஊரைத் தாண்டி ஓர் இடத்தில், மக்கள் தண்ணீர் பிடிக்கும் ஒவ்வோர் ஊற்றிலும் மாதிரி எடுங்கள். ஆய்வகத்தில் கொடுக்கும் கிருமி நீக்கிய பாட்டில்தான் வேண்டும், ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே கொடுத்துவிட வேண்டும். முதல் மழை பெய்த மறுநாள் அதே இடங்களில் மறுபடியும் எடுங்கள். மார்ச்சில் சுத்தமாக இருந்த ஊற்றில் அன்று கிருமி வந்தால், அதற்கு மேலே உள்ள வீடுகளில் எந்த டேங்குக்கு அடி இல்லை என்று தேடத் தொடங்கலாம். அந்த முடிவு வரும்வரை ஊற்று நீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொல்லுங்கள், குறிப்பாகக் கைக்குழந்தை உள்ள வீடுகளில். தாள்கள் கைக்கு வந்ததும் எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள், எந்தப் பள்ளத்தாக்கை முதலில் எடுப்பது என்று சேர்ந்தே பார்ப்போம்.